சாப்பாட்டுக்குப் பிறகு ஏறிய காந்தம்

எனக்கு ஐந்தாவது மாதம் நடந்தபோது, தினமும் தேனியிலிருந்து ஓடைப்பட்டிக்கு ஜீப்பில் போய்வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் நான், என் மடியில் கிராவிமீட்டர். பார்ப்பதற்குச் சின்னப் பால்கேன் மாதிரி இருக்கும். உள்ளே மெல்லிய சுருள்வில் ஒன்று, அதன் நுனியில் ஒரு பொடி எடை. காலடியில் கனத்த பாறை இருந்தால் பூமி அந்த எடையைத் துளி கூடுதலாக இழுக்கும். உளுத்த பாறையோ மண்ணோ நிறைந்திருந்தால் துளி குறைவாக இழுக்கும். அந்தத் துளியை அளந்து, கண்ணுக்கெட்டாத ஆழத்தில் என்ன கிடக்கிறது என்று ஊகித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கருவி மகா செல்லம். குலுக்கினால் கோபித்துக்கொள்ளும், சாய்த்தால் முரண்டு பிடிக்கும், வெயில் பட்டால் உளறும். சின்னமனூர் தாண்டி ரோடு மோசமாகும் இடங்களில் இரண்டு கைகளாலும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். அந்த நேரத்தில் என் வயிற்றை யார் பிடிப்பது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பின் சீட்டிலிருந்து என் மேலதிகாரிதான் வண்டியை மெதுவாக விடச் சொல்வார். மடியில் ஒன்று, வயிற்றில் ஒன்று, இரண்டும் நமக்கு வேண்டியதுதான் என்பார்.

மழை அடுத்தடுத்து ஏமாற்றிய வருடங்கள் அவை, இரண்டாயிரத்து மூன்று நான்கு வாக்கில். கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்தில், மண்ணுக்குக் கீழே பாறை எங்கெங்கே எப்படிப் படிந்திருக்கிறது என்று ஒரு வரைபடம் தயாரிக்க எங்களை அனுப்பியிருந்தார்கள். தண்ணீர் பார்த்துச் சொல்வது எங்கள் வேலை இல்லை. ஆனால் இதை ஓடைப்பட்டியில் யாரிடமாவது சொல்லி நம்பவைக்கிறவர்களுக்கு நான் கோயில் கட்டுவேன். ஜீப்பை விட்டு இறங்கிய முதல் நாளே எங்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், தண்ணி பாக்குறவுக என்று. அது கடைசிவரை மாறவில்லை.

மேலதிகாரியை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன், குமுளிப் பக்கத்துக்காரர். தமிழும் மலையாளமும் அவர் வாயில் தண்ணீரும் பாலுமாகக் கலந்து வரும். வேலையில் அவருக்கு ஒரே ஒரு வெறி உண்டு, அது இரும்பு. எங்களிடமிருந்த இரண்டாவது கருவி மேக்னட்டோமீட்டர். அதன் உணரியை, பையோடு சேர்ந்த ஒரு சட்டத்தில் பொருத்தி முதுகில் மாட்டிக்கொண்டு, குறித்த தூரத்துக்கு ஒருமுறை நின்று பொத்தானை அமுக்க வேண்டும். அந்த இடத்தில் பூமியின் காந்தம் எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும். தரைக்குக் கீழே கருங்கல் சுவர் போல நிற்கும் பாறைகளை அது மோப்பம் பிடித்துவிடும். ஆனால் பாறையின் இரும்பையும் நம் இடுப்பு பெல்ட்டின் இரும்பையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. அதனால் சார் பேண்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேட்டியில்தான் களத்துக்கு வருவார். ஜிப்பும் கொக்கியும் கூடாதாம். அலுவலகத்தில் அவரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், அந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் சோளத்தட்டைக் காட்டில் தாண்டிக் குதிப்பதைப் பார்த்திருந்தால் பயம் போயிருக்கும்.

என் பாடு இன்னும் திண்டாட்டம். வாட்ச் போச்சு, கொண்டை ஊசி போச்சு. உள்ளாடைக் கொக்கிகளைப் பிய்த்துவிட்டுத் துணிக்கயிறு தைத்துக்கொண்டேன். கடைசியாகத் தாலிச் செயின். கல்யாணமான பெண்களின் தாலிச் செயினில் இரண்டு மூன்று ஊக்காவது தொங்காமல் இருக்காது. முள் எடுக்க, முந்தானை குத்த, அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுக்க என்று அது ஒரு நடமாடும் பெட்டிக்கடை. அந்த ஊக்குகளையும் கழற்றி டப்பாவில் போட்டு வீட்டிலேயே வைத்துவிட்டேன். எனக்கு அது வேலை விஷயம், அவ்வளவுதான். அதை வைத்துத்தான் எல்லாம் ஆரம்பித்தது.

நாங்கள் அளந்த நிலங்களுக்கு நடுவே ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அதன் சொந்தக்காரரை நான் அண்ணன் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். இருவருக்கும் நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை. தோட்டத்துக் கிணறு வறண்டு அடியில் தவளைகூட இல்லாமல் கிடந்தது. ஏற்கெனவே இரண்டு போர் போட்டு, இரண்டிலும் புழுதிதான் வந்திருந்தது. மூன்றாவதாக ஒன்று போடுவதாகத் தீர்மானித்திருந்தார்கள். அதுவும் பொய்த்துவிட்டால் கொடிகளை வெட்டி விறகாக அடுக்கிவிட்டு, இருவரும் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேருவது என்று பேச்சு. அண்ணன் இதைச் சொல்லும்போது ஏதோ பக்கத்து ஊர் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சாதாரணமாகச் சொல்வார். அக்கா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள்.

அண்ணன் விரலில் குச்சனூர் சனீஸ்வரனுக்கு வேண்டிப் போட்டுக்கொண்ட இரும்பு மோதிரம். அவர் எங்கள் பக்கம் வந்தாலே சார் தூரத்திலிருந்தே கையைக் காட்டி, அங்கேயே நில்லுங்கள் என்று கெஞ்சுவார். அண்ணன் மோதிரத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பார், மறைத்தால் மெஷினுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில். திராட்சைப் பந்தல் அதைவிட மோசம். தலைக்கு மேலே முழுக்க முழுக்க இரும்புக் கம்பி. பந்தலுக்குள் மேக்னட்டோமீட்டரைக் கொண்டுபோனால் அதற்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் பந்தலுக்கு வடக்கிலும் தெற்கிலும் தரிசாகக் கிடந்த நிலங்களில் மேற்கிலிருந்து கிழக்காக, மலையைப் பார்த்து, ஒரு நாளைக்கு ஒரு கோடாக நடந்தேன். கிராவிமீட்டருக்கு இந்த வம்பு கிடையாது. அதைப் பந்தலுக்குள்ளும் வைத்து அளந்தோம்.

பந்தலுக்கு வெளியே, வீட்டையும் கம்பியையும் விட்டு நன்றாகத் தள்ளி, ஒரு பெரிய புளியமரம். சார் அதைத்தான் எங்கள் தலைமை இடமாக்கினார். காலையில் முதல் எண்ணும் சாயங்காலம் கடைசி எண்ணும் அங்கேதான் எடுப்போம். இரண்டும் ஒத்துப்போனால் அன்றைய வேலை சுத்தம் என்று அர்த்தம். மதியச் சாப்பாடும் அங்கேதான். சாப்பாட்டு நேரம் நீளமானது. உச்சிவேளையில் நம் ஊர்ப்பக்கம் வானத்தின் உயரத்தில் வெயிலால் ஒரு மின்னோட்டம் ஓடும், அது காந்தத்தைக் குழப்பும். உச்சியில் அளக்காதே என்பது சார் எனக்குப் போட்ட முதல் கட்டளை. வெயில் சாயும்வரை கருவியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம்.

முதல் நாள் மதியம் அக்கா மோர்ச் சொம்போடு வந்தாள். என்னைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், பிறகு கழுத்தைப் பார்த்தாள்.

"ஏந்தாயி, வாயும் வயிறுமா இருக்க, கழுத்துல ஒரு ஊக்குகூடக் காணோம்?"

ஊக்கு இரும்பு, மெஷினுக்கு ஆகாது என்று சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. அதுவும் உச்சிவேளையில், அதுவும் புளியமரத்தடியில். எங்கள் பக்கத்தில் மாசமாக இருக்கிற பெண்ணை அந்த நேரத்தில் அந்த மரத்தடியில் யாரும் உட்காரவிட மாட்டார்கள். காத்து கருப்பு அண்டிவிடும் என்று பயம். வெளியே போனால் கையில் ஒரு துண்டு இரும்பாவது கொடுத்து அனுப்புவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததா என்ன, நான் போடிக்காரி. ஆனால் எம்.எஸ்ஸி. படித்த திமிர் கொஞ்சம் இருந்தது. வீட்டுக்குள் வந்து உட்காரச் சொல்லி அவள் கெஞ்சியதற்கு, கருவியை விட்டு வரமுடியாது என்று மறுத்துவிட்டேன். சாரும் உச்சிவேளையில் வேலையை நிறுத்துகிறார் என்று தெரிந்தபோது மட்டும் அவளுக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. மலையாளத்து மனுசன், அவுகளுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும் என்றாள். அன்றிலிருந்து சாருக்கு மட்டும் மோரில் கூடுதலாக இஞ்சி.

தினமும் வந்தாள். மோர், சில நாள் கொள்ளு ரசம், ஒருநாள் கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டு முடித்ததும் என்னைக் கோரைப்பாயில் படுக்கச் சொல்லிவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்வாள். நான் தூங்கிவிடுவேன். அந்தத் தூக்கத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சொக்கும். எழுந்து, மேக்னட்டோமீட்டர் சட்டத்தை முதுகில் மாட்டிக்கொண்டு, கோட்டில் விட்ட இடத்திலிருந்து மறுபடி நடப்பேன். சாயங்காலம் மரத்தடிக்குத் திரும்பினால் டீ வைத்திருப்பாள். முதுகுச் சுமையை அவளே இறக்கி வைத்து, பையைத் தட்டித் துடைப்பாள். டீ குடித்த பிறகு கடைசி எண்ணை எடுப்போம். காலை எண்ணோடு அச்சாக ஒத்துப்போகும். கருவிகளுக்கு அவளே பெயர்கூட வைத்திருந்தாள். கிராவிமீட்டர் மடி மிசினு, மேக்னட்டோமீட்டர் முதுகு மிசினு. நாளாக ஆக நாங்களும் அப்படித்தான் சொல்ல ஆரம்பித்தோம்.

எல்லாக் கோடுகளையும் நடந்து முடித்து எண்களை வரைபடமாக்கியபோது சார் குதிக்காத குறை. ஒவ்வொரு கோட்டிலும் மேற்குப் பாதி ஓர் உயரத்தில் போய், நடுவில் ஒரே இடத்தில் படி ஏறின மாதிரி சட்டென்று ஏறி, கிழக்குப் பாதி முழுக்க அந்த மேல் உயரத்திலேயே போனது. படிகளையெல்லாம் சேர்த்தால் வடக்கு தெற்காக ஒரு நேர்கோடு, புளியமரத்தின் பக்கமாகவே போனது. இரண்டு வேறு பாறைகள் ஒட்டும் இடம் என்றார் சார். அப்படி ஒட்டும் இடத்தில் வெடிப்பு இருக்கும், வெடிப்பில் தண்ணீர் நிற்கும். எங்கள் வேலை இல்லைதான். ஆனாலும் அக்காவின் மோரைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்க அவருக்கு மனம் வரவில்லை. போரை மரத்தடியில் போடச் சொல்லி அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மடி மிசினு மரத்தடியில் எதையுமே காட்டவில்லை. அப்படி இரண்டு வேறு பாறைகள் ஒட்டுகிற இடம் என்றால் ஈர்ப்பிலும் கொஞ்சமாவது மாறுதல் தெரிய வேண்டும். அது பாட்டுக்குச் சமமாகப் போனது. மாறாகத் தோட்டத்தின் கிழக்கு மூலையில், எருக்குழிப் பக்கம், ஈர்ப்பு நன்றாகக் குறைந்திருந்தது. நான் சாரிடம் இரண்டு நாள் சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். "மோளே, கிராவிட்டி மேடு பள்ளத்துக்கெல்லாம் மாறும், காந்தம் அப்படியல்ல" என்று பொறுமையாகச் சொன்னார். என் மடியில் இருந்த கருவி என்பதால் எனக்கு அதன்மேல் பாசம் என்று வேறு கேலி. அதில் உண்மையும் இருந்தது, அதனால் சண்டையை விட்டுவிட்டேன்.

போர் வண்டி வந்த காலையில் நாங்களும் போயிருந்தோம். வண்டிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மரத்தடியில் சூடம் கொளுத்தி, தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா என்னைத் தனியாக இழுத்து, வேறு இடம் கிடையாதா என்று கேட்டாள். புளியமரத்தடியில் தோண்டுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. மெஷின் எப்படி இந்த இடத்தைக் காட்டியது என்று கேட்டாள். எனக்கும் மரத்தடிமேல் நம்பிக்கை இல்லாததால் எரிச்சலோடு சொன்னேன். சாப்பாட்டுக்கு முன்னால் எண் கீழே இருக்கிறது, சாப்பாட்டுக்குப் பிறகு மேலே ஏறிவிடுகிறது, ஏறுகிற இடம் இதுதான் என்றேன்.

"சாப்புட்ட பெறகா?"

"ஆமாக்கா. எல்லா நாளும்."

அவள் முகம் மாறிவிட்டது. புருசனைப் பார்த்தாள், கொளுத்திய சூடத்தைப் பார்த்தாள். ஜீப்புக்குப் போய் முதுகு மிசினின் பையை எடுத்து வந்து, பக்கத்துப் பைக்குள் கையை விட்டு எனக்குக் காட்டினாள். அது எதற்கும் பயன்படாமல் காலியாகத் தொங்கும் சின்ன ஜேப்பு.

"ஆத்தா, கோவிச்சுக்கிறாத. நீ தூங்கையில தெனமும் இதுக்குள்ளதான் இரும்ப வச்சேன். சாயந்தரம் டீ குடிக்கைல எடுத்துருவேன்."

முந்தானை முடிச்சிலிருந்து அதை எடுத்தாள். கவாத்துக் கத்தரியின் உடைந்த அலகு. திராட்சைக் கொடியைக் கவாத்து பண்ணும் கத்தரி உடைந்ததும் அதன் ஒரு பாதியை எடுத்து வைத்திருந்தாள். உள்ளங்கை நீளம், நல்ல கனம்.

எனக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மேற்கிலிருந்து ஒரே நேரத்துக்குக் கிளம்பி ஒரே வேகத்தில் நடந்ததால், எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் எனக்குப் பசித்திருக்கிறது. உணரிக்கு ஒரு சாண் கீழே கத்தரி அலகோடு பாதி ஓடைப்பட்டியை நடந்து அளந்திருக்கிறேன். கடைசி எண் எடுப்பதற்குள் அவள் இரும்பை எடுத்துவிட்டதால், காலைக் கணக்கும் மாலைக் கணக்கும் சுத்தமாக நின்றிருக்கின்றன. சார் அலகை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. நம்ம தண்ணியில வெளையாடிட்டியே என்று அக்காவைத் திட்ட வாயெடுத்தார்.

அவள் அவரைப் பேசவிடவில்லை. குரலை உயர்த்தாமல், என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். கொடி நட்ட வருசம் அவள் ஆறு மாதம். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு சொம்பு தண்ணீராவது ஊற்றாவிட்டால் கன்று கருகிவிடும் என்று, உச்சிவெயிலில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றியிருக்கிறாள். ஒருநாள் இதே மரத்தடியில் களைத்து உட்கார்ந்தாள். எழுந்தபோது எல்லாம் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில், உடம்பில் ரத்தம் இல்லை, ஓய்வு இல்லை என்று என்னென்னவோ சொன்னார்களாம். அதற்குப் பிறகு தங்கவே இல்லை.

"அந்தக் கொடிக்கும் அதுக்கும் ஒரே வயசு," என்றாள்.

திருப்பூர்ப் பேச்சு வந்தால் அவள் ஏன் எழுந்து போனாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் தேங்காயைக் கீழே வைத்துவிட்டார். சார் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, போர் வண்டிக்காரர்களிடம் போய் ஒருநாள் பொறுக்கச் சொன்னார். அவர்கள் முணுமுணுத்தார்கள். வண்டியை இங்கே நிறுத்தக்கூடாது, மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோங்கள், அவ்வளவு இரும்பு பக்கத்தில் நின்றால் அளக்க முடியாது என்று அவர் சொன்னதும் எங்களுக்கு மறை கழன்றுவிட்டதாகவே முடிவு செய்தார்கள். ஆனாலும் போனார்கள்.

மறுபடி நடப்பதற்கு நான் சட்டத்தை எடுத்தபோது அக்கா விடவில்லை. இரும்பு இல்லாமல் நடக்க விடமாட்டாள், இரும்போடு நடந்தால் கருவி பொய் சொல்லும். அவளுக்கு இருந்த கடைசி வாய்ப்பு அந்த ஒரு போர். அப்படியிருந்தும் என் வயிற்றை அதற்குப் பணயம் வைக்க அவள் தயாராக இல்லை. கடைசியில் அவளே வழி சொன்னாள், தான் சுமப்பதாக. கவாத்து அலகை என் கையில் திணித்து, வீட்டு நிழலில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தாள். பிறகு தன் தாலிச் செயினிலிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கொண்டை ஊசிகளை எடுத்தாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அண்ணனிடம் கொடுத்தாள். தனக்கு எது அண்டினாலும் அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை போலிருந்தது. அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, முதுகு மிசினை மாட்டிக்கொண்டு, சாருக்குப் பக்கத்தில் நடந்தாள். சார் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள். மூச்சு விட்டால்கூட எண் மாறிவிடுமோ என்று அடக்கிக்கொண்டு நின்றதாகச் சார் பிறகு சொன்னார்.

அன்றைக்கு உச்சிக்கு முன்னால் கொஞ்சமும் வெயில் சாய்ந்த பிறகு மீதியுமாகத் தோட்டத்தையொட்டிய கோடுகளை நடந்து முடித்தார்கள். எனக்குத் தூரத்தில் இருவரும் தெரிந்தார்கள், வேட்டி ஒன்று, சுங்கடிச் சேலை ஒன்று. சாயங்காலம் எண்களைப் போட்டுப் பார்த்தோம். மரத்தடியில் படியும் இல்லை, ஒன்றும் இல்லை. மேற்கிலிருந்து சமமாக வந்து, கிழக்கு மூலையில் மட்டும் ஒரு குறுகிய மேடு. போன தடவை பெரிய படியின் அருகே அது கண்ணுக்கே தெரியவில்லை, தெரிந்த இடத்திலும் சில்லறைக் கோளாறு என்று ஒதுக்கியிருந்தோம். அது தரைக்குள் குறுக்கே நிற்கும் கருங்கல் சுவர். அதற்கு மலைப்பக்கத்தில்தான் மடி மிசினு சொன்ன பள்ளம், உளுத்த பாறை. மலையிலிருந்து தரைக்கடியில் இறங்கி வருகிற தண்ணீர் இருந்தால், சுவரில் முட்டி அங்கேதான் நிற்க வேண்டும்.

சார் என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டார், கேலியாகத்தான். அண்ணனிடம் மட்டும் கேலி இல்லாமல் பேசினார். இங்கே போட்டால் வாய்ப்பு அதிகம், ஆனால் நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன், பூமிக்குள் போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை என்றார். அண்ணன் யோசிக்கவே இல்லை. சரி சார் என்றார். அக்கா எருக்குழியை ஒட்டி, சார் காட்டிய இடத்தில் ஒரு வேப்பங்குச்சியை நட்டாள்.

மறுநாள் காலையில் போர் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தமும் அதிர்வும் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தரையில் வைத்த சொம்பில் தண்ணீர் நடுங்கும். அக்கா என்னைக் கையைப் பிடித்துத் தோட்டத்தின் அந்தக் கோடிக்கு, மேற்கே, அதிர்வு எட்டாத ஒரு பூவரச மரத்தடிக்கு அழைத்துப்போய்விட்டாள். அங்கிருந்து போர் வண்டி தெரியாது, மேலே எழும் வெள்ளைப் புழுதி மட்டும் தெரியும். புழுதி வெள்ளையாக எழுகிறவரை தண்ணீர் இல்லை என்று அர்த்தம். நேரம் போகப் போக அது வெள்ளையாகவே எழுந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல், என் முந்தானையில் இரண்டு ஊக்குகளைக் குத்திவிட்டு, பேருக்கு என்னவெல்லாம் யோசித்திருக்கிறேன் என்று கேட்டாள். நான் நாலைந்து பெயர் சொன்னேன். ஒன்றும் நன்றாக இல்லை என்றாள்.

அந்த ஊரில் எனக்குச் சொந்தம் என்று யாரும் கிடையாது. ஆனால் இந்தத் தண்ணீர் வரவில்லை என்றால் என்னால் இனி எந்தக் கருவியையும் தொட முடியாது என்று தோன்றியது. இவள் கொடிகளை வெட்டுவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. புழுதி நின்றது. பிறகு மறுபடி எழவில்லை. சத்தம் மட்டும் மாறி, சளசளவென்று என்னவோ கேட்டது. ஆட்கள் கூச்சல் போட்டார்கள்.

பந்தலுக்குள் குனிந்து குனிந்து அண்ணன் ஓடி வந்தார். உச்சந்தலையிலிருந்து கால்வரை சேறு. எங்கள் முன்னால் வந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். நான் கையைப் பிடித்து அக்காவை எழுப்பினேன். அவள் தோட்டம், அவள் கொடி, அவள் தண்ணீர். வெயில் அப்போது நேர் மேலே நின்றது. அவள் அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போங்க. உச்சி தாண்டட்டும், வாரேன். தண்ணி எங்கிட்டும் போயிறாது."

அண்ணன் நின்று பார்த்தார், புரிந்துகொண்டு திரும்பிப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. போங்கக்கா, போய்ப் பாருங்க, எனக்கு ஒண்ணும் ஆகாது என்று அவள் தோளைப் பிடித்துத் தள்ளினேன்.

"நானும் அன்னைக்கு அப்புடித்தான் நெனச்சேன்," என்றாள்.

மரத்தின் நிழல் கிழக்கே சாயும்வரை, தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.